ஜிம்மி போனபின் நின்றுபோன வேலைகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

முதியோரை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் குழு ஒன்றில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக இருக்கிறேன். குளிப்பது, சமைப்பது, கடைக்குப் போவது, மாத்திரை எடுப்பது போன்ற அன்றாட வேலைகளில் ஒருவர் எங்கே தடுமாறுகிறார், ஏன் தடுமாறுகிறார் என்று பார்ப்பது என் தொழில். இங்கே எழுதுவது பெங்களூரில் அப்படிப் பார்த்த ஒரு வீட்டைப் பற்றி. அந்த அம்மாவிடமும் பிள்ளைகளிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன், நாயின் பெயர் உட்பட.

பின்னணி

வயது 74. கணவர் 2016-ல் காலமானார். ராமமூர்த்தி நகரில் சொந்த வீடு. தரைத்தளத்தில் இவர் தனியாக, மாடியில் வாடகைக் குடும்பம். பிறந்தது வேலூர்ப் பக்கம். கல்யாணமாகி வந்ததிலிருந்து பெங்களூர்தான். கணவர் பக்கத்துத் தூரவாணி நகரில், ஐ.டி.ஐ. தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1948-ல் தொடங்கிய அந்தத் தொலைபேசித் தொழிற்சாலையை நம்பி வந்து இந்தப் பக்கமே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் நிறைய. மகன் புனேயில், மகள் கோயம்புத்தூரில்.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், பன்னிரண்டு வருடமாக. ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டனும் அம்லோடிபினும். முழங்கால் வலி உண்டு. படிப்பு எட்டாம் வகுப்பு. வரவு செலவு, வாடகை, வரி எல்லாம் அவர் கையில்தான்.

ஜிம்மி ஒரு வெள்ளை ஸ்பிட்ஸ். நம் ஊரில் பாதிப் பேர் பொமரேனியன் என்று சொல்லி வளர்ப்பது பெரும்பாலும் இந்த ஸ்பிட்ஸைத்தான். 15 வயதில் இறந்தது. சின்ன ரக நாய்களுக்கு வயதானால் அதிகம் வருகிற இதயக் கோளாறுதான் இதற்கும்: வால்வு தடித்து, சரியாக மூடாமல், ரத்தம் பின்பக்கம் கசிந்து, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். கடைசி ஒரு வருடம் பிமோபென்டன் மாத்திரையும், நீர் பிரிய ஃபுரோசமைடும் கொடுத்துவந்தார்கள். அந்த ஃபுரோசமைடு மனிதருக்குக் கொடுக்கும் அதே 40 மில்லிகிராம் மாத்திரை. காலையில் அரை, இரவில் அரை. இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

என்ன சொல்லி அனுப்பினார்கள்

ஜிம்மி இறந்து இரண்டு மாதம் தாண்டியபோது குடும்ப மருத்துவரிடமிருந்து கடிதம் வந்தது. எடை நான்கு கிலோ குறைவு. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 7.2-லிருந்து 9.1-க்கு ஏறியிருக்கிறது. குளியலறை வாசலில் விழுந்து மணிக்கட்டில் வீக்கம், எலும்பு முறிவு இல்லை. குக்கரை இரண்டு முறை கருகவிட்டிருக்கிறார். மின்கட்டணம் கட்டவில்லை. அழைப்பு மணி அடித்தாலும் கதவைத் திறப்பதில்லை, போனை எடுப்பதில்லை. சமையலறையில் குப்பை சேர்ந்து நாற்றம் அடிப்பதாக மாடிவீட்டார் சொன்னார்கள். ரத்தப் பரிசோதனையில் சோடியம் 131, பொட்டாசியம் 3.2, பி12 165, மூன்றுமே குறைவு. தைராய்டு சரி. மோகா என்ற நினைவாற்றல் தேர்வின் தமிழ் வடிவத்தில் 30-க்கு 22. 26-க்குக் கீழே போனால் கவனிக்கச் சொல்லும் தேர்வு அது. முதியோருக்கான 15 கேள்வி மனச்சோர்வு அளவுகோலில் 8. ஐந்தும் அதற்கு மேலும் வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும்.

மருத்துவரின் சந்தேகம் இரண்டு: மனச்சோர்வு, இல்லையென்றால் டிமென்ஷியாவின் தொடக்கம். மனச்சோர்வுக்கு வழக்கமாகத் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை முதியவர்களுக்குச் சோடியத்தை இன்னும் இறக்கிவிடலாம். ஏற்கெனவே குறைந்திருப்பதால் அதைத் தள்ளிவைத்து, வீட்டைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். என்னைக் கேட்டால் அந்த நிதானத்திலேயே பாதி வேலை முடிந்தது. பலரும் சீட்டு எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

மகன் போனில் சொன்னது வேறு. "நாய் போனதிலேர்ந்து அம்மா மனசு விட்டுட்டாங்க மேடம். ஒரு வேலையும் அவங்களுக்கு இல்லாம எல்லாத்துக்கும் ஏற்பாடு பண்ணிட்டேன். சமைக்க ஆள், பெருக்கித் துடைக்க ஆள், பால், காய்கறி எல்லாம் ஆப்ல வந்துடும். இவ்வளவு காலம் உழைச்சவங்க, இனிமே உட்கார்ந்து சாப்பிடட்டும்னுதான். ஆனா இன்னும் மோசமாத்தான் ஆகுது."

நாய் இருந்தபோது ஒரு நாள்

முதல் தடவை போனபோது எந்தப் படிவத்தையும் எடுக்கவில்லை. "ஜிம்மி நல்லா இருந்தப்ப ஒரு நாள் எப்படிப் போகும்னு சொல்லுங்கம்மா" என்று மட்டும் கேட்டேன். சத்தமாகத்தான் கேட்க வேண்டியிருந்தது. அப்புறம் ஒரு மணி நேரம் அவர்தான் பேசினார்.

விடியற்காலை ஐந்தரைக்கு ஜிம்மி வாசற்கதவைப் பிராண்டும். கதவைத் திறந்து, கேட்டையும் திறந்து விடுவார். அது தெரு ஓரம் போய்வருவதற்குள் இவர் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிடுவார். கேட்டில் செருகியிருக்கும் மின்சார பில், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். பிறகு சங்கிலியைப் போட்டுக்கொண்டு நந்தினி பால் பூத். போகவர அரை கிலோமீட்டருக்கு மேல். பூத்துக்காரர், எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார், பூ விற்கிற அம்மா என்று மூன்று நான்கு பேரிடம் நின்று பேச்சு. வீட்டுக்கு வந்து காபி. ஏழு மணிக்கு ஜிம்மியின் மாத்திரையைத் தயிர்சோற்றில் வைத்து உருட்டிக் கொடுப்பது. அதைக் கொடுத்த கையோடு தன்னுடைய மாத்திரை. இரவும் அப்படியே, ஜிம்மிக்கு முதலில், தனக்கு அடுத்தது. மத்தியானம் அதற்காகச் சோறு வடிக்க வேண்டும், அதனால் தனக்கும் சோறு இருக்கும். குப்பை வண்டி தெருமுனைக்கு வந்தால் அது குரைக்கும், பக்கெட்டை எடுத்துக்கொண்டு போவார். குக்கர் விசில் அடித்தால் கூடவே ஊளையிடும். மணி அடித்தால் கேட்கவே வேண்டாம்.

பேச்சின் நடுவே இரண்டு விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது. ஒன்று, இந்த வீட்டில் ஏறக்குறைய எந்த வேலையும் கடிகாரத்தைப் பார்த்துத் தொடங்கியதில்லை, நாயைப் பார்த்துத்தான் தொடங்கியது. இரண்டு, இந்த அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. அது எத்தனை வருடமாக என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அவருக்குப் பதிலாக ஜிம்மி கேட்டுக்கொண்டிருந்தது.

மருத்துவரின் பட்டியலை இந்தக் கண்ணோடு மறுபடி படித்துப் பாருங்கள். மணி அடித்தும் கதவு திறக்கவில்லை, காரணம் மணி கேட்கவில்லை. குக்கர் கருகியது, உள்ளறையில் டிவி ஓடும்போது விசில் கேட்கவில்லை. குப்பை தேங்கியது, வண்டி வந்துபோனது தெரியவில்லை. பெங்களூரில் ஈரக்குப்பையைத் தனியாக, அதுவும் வண்டி வரும் நேரத்தில் கொடுத்தால்தான் உண்டு. இரண்டு நாள் தவறினால் சமையலறை நாறத்தான் செய்யும். கேட் திறக்கப்படாததால் பில் மழையில் நனைந்து கிடந்தது. மறதி என்று எழுதப்பட்டதில் பெரும்பகுதி மறதியே இல்லை.

செவித்திறன் சோதனைக்கு அனுப்பினோம். இரண்டு காதிலும் நரம்பு சார்ந்த குறைவு. தாழ்ந்த ஒலிகள் ஓரளவு கேட்கின்றன. 4000 ஹெர்ட்ஸில், அதாவது மணி, விசில் போன்ற கீச்சொலிகள் இருக்கும் பக்கத்தில், 65 டெசிபலுக்கு மேல் வைத்தால்தான் கேட்கிறது. வயதானால் வரும் காதுக் குறைவுக்கு இது வழக்கமான வடிவம்தான். நேரில் எதிரே உட்கார்ந்து பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவார்கள், வீட்டாருக்கே தெரியாது. மோகா தேர்வில் ஐந்து வார்த்தைகளை வாயால் சொல்லி, நினைவில் வைக்கச் சொல்கிறோம். காதில் சரியாக விழாத வார்த்தையை யார் நினைவில் வைப்பது?

கடைசி வருடத்தின் பாரம்

இதுவரை சொன்னது, அந்த மாத்திரை வேளை தவிர, ஜிம்மி நன்றாக இருந்த காலம். கடைசி வருடம் வேறு மாதிரி.

ஃபுரோசமைடு கொடுத்தால் நாய் அடிக்கடி சிறுநீர் கழிக்கும், மருந்தின் வேலையே அதுதான். இரவு ஒன்பதுக்குக் கொடுத்தால் பதினொன்றுக்கு ஒருமுறை, இரண்டுக்கு ஒருமுறை எழுந்து வெளியே விட வேண்டும். வாசலில் மூன்று படி. ஜிம்மியால் இறங்க முடியாது, தூக்கித்தான் இறக்க வேண்டும். எட்டு கிலோ. மொசைக் தரையில் அதன் கால் வழுக்குகிறது என்று ஹால் முழுக்கக் கோணிப்பை விரித்திருந்தார். அது நனைந்தால் துவைத்து, காயவைத்து, மறுபடி விரிப்பது. கடைசி மூன்று மாதம் ஹாலிலேயே பாய் போட்டு அதன் பக்கத்தில் படுத்திருக்கிறார்.

"ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை தரை துடைச்சேன் பாப்பா. முதுகு ஒடிஞ்சிடும். இப்ப துடைக்க ஒண்ணுமே இல்ல. இருக்கிறதையும் அந்தப் பொண்ணு துடைச்சிட்டுப் போயிடுறா."

கொஞ்ச நேரம் கழித்து, கேட்காமலே இன்னொன்று சொன்னார். ஜிம்மி போன அன்று ராத்திரி நன்றாகத் தூங்கிவிட்டாராம். விடிந்து எழுந்தபோது அது அவருக்கே அசிங்கமாக இருந்ததாம். "அவர் போனப்பகூட நாலு நாள் தூங்கல. நாய்க்கு அப்படித் தூங்கிட்டேனேன்னு இருந்துச்சு. இதை யார்கிட்ட சொல்றது?"

நெடுநாள் பார்த்துக்கொண்ட உயிர் போகும்போது வரும் நிம்மதி ரொம்ப சாதாரணம். படுக்கையில் கிடந்த மாமியாரை, கணவரைப் பார்த்துக்கொண்டவர்களிடம் அடிக்கடி கேட்டிருக்கிறேன். ஆனால் மனிதர் இறந்தால் அதைச் சொல்ல ஆட்களும் நாட்களும் கிடைக்கின்றன. கணவர் போனபோது பதினாறு நாளும் வீடு நிறைய ஜனம், அடுப்பு அணையவில்லை. ஜிம்மியை மாடிவீட்டுப் பையன் காரில் வைத்து, ஊரின் கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடியில் உள்ள சுமனஹள்ளி மாநகராட்சிப் பிராணிகள் தகனக்கூடத்துக்குக் கொண்டுபோனான். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. சாயங்காலம் வந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி, "போகட்டும் விடுங்க அத்தே, நாய்தானே, உங்களுக்கும் கஷ்டம் விட்டுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள். நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பாள்.

சமூகம் துக்கமாக ஏற்றுக்கொள்ளாத துக்கம் என்று ஒரு வகையை அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989-ல் எழுதினார். செல்லப்பிராணியின் சாவு அதற்கு எப்போதும் காட்டப்படும் உதாரணம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலில் இப்போது நீடித்த துக்கம் ஒரு நோயாகச் சேர்ந்திருக்கிறது. அதன் வரையறையும் நெருங்கிய மனிதரின் மரணத்தோடு நின்றுவிடுகிறது. இவருக்கு அந்தப் பெயரை வைக்க வேண்டிய அவசியமும் எனக்குத் தோன்றவில்லை. இரண்டு மாத துக்கம் இரண்டு மாத துக்கம்தான், அதில் நோய் என்ன இருக்கிறது.

ஃபிரிட்ஜ் மேல் இருந்த டப்பா

சோடியமும் பொட்டாசியமும் ஏன் குறைந்தன என்பது மட்டும் விளங்காமல் நின்றது. சரியாகச் சாப்பிடாததால் கொஞ்சம் குறையலாம், இவ்வளவு குறையாது. படுத்திருக்கும்போது ரத்த அழுத்தம் 138/80. எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் 112/70. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 இறங்கினாலே விழும் ஆபத்து என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இவருக்கு 26.

ஜிம்மியின் சாமான்களை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். துக்கத்தைப் பற்றிப் பேச்செடுக்க எப்போதும் கேட்பதுதான். சங்கிலி ஆணியில் தொங்கியது, கிண்ணம் பாத்திர அலமாரியில். மருந்து? ஃபிரிட்ஜ் மேலிருந்து பழைய பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பிமோபென்டன் அட்டை பிரிக்காமல் இருந்தது. ஃபுரோசமைடு அட்டைகளில் ஒன்று காலி, இன்னொன்று பாதி.

"இது யாருக்கும்மா?"

"எனக்குத்தான். சாயங்காலமானா காலு வீங்குது. ஜிம்மிக்கு நீர் இறங்கறதுக்குன்னுதானே குடுத்தாங்க. அரை மாத்திரைதான் போடுறேன். சில நாள் ஒண்ணு."

அந்தக் கால் வீக்கம் அம்லோடிபின் மாத்திரையால் வருவது. ரொம்பப் பேருக்கு வரும். சின்ன ரத்தக்குழாய்கள் விரிந்து கணுக்காலில் நீர் கசிவதால் வரும் வீக்கம் அது. உடம்பில் நீர் கூடிப்போய் வருவதல்ல, அதனால் நீர் பிரிக்கும் மாத்திரைக்கு அவ்வளவாகக் கேட்காது. வீக்கம் வற்றவில்லையே என்று இவர் சில நாள் முழு மாத்திரை போட்டிருக்கிறார். உப்பு இறங்கியது, எழுந்தால் தலைசுற்றல், குளியலறை வாசலில் விழுந்தது, பாதி நாள் மந்தமாகக் கிடந்தது எல்லாம் ஒரே டப்பாவுக்குள் இருந்தன. இது அறியாமை என்று நான் நினைக்கவில்லை. ஒரு வருடம் அந்த மாத்திரையை அளந்து கொடுத்து, மூச்சிரைப்பு அடங்குவதைக் கண்ணால் பார்த்தவர் அவர். நம்பிக்கை வரத்தானே செய்யும்.

முதியவர் வீட்டில் பிராணி இறந்தால் மிச்ச மருந்து என்ன ஆனது என்று யாராவது கேட்க வேண்டும். கால்நடை மருத்துவர் எழுதித் தருபவற்றில் பல நம் மருந்துக்கடையில் கிடைக்கும் அதே மாத்திரைகள்தான், ஆள் பார்த்து எடுத்துவைக்க அட்டையில் எந்த வித்தியாசமும் இருக்காது. பிரிக்காத பிமோபென்டனை மகள் வந்தபோது பிராணிகள் கிளினிக்கில் கொடுத்துவிட்டார். மீதி ஃபுரோசமைடு, மற்றக் குப்பையோடு சேராமல், தனிப் பொட்டலமாகப் போனது.

என்ன செய்தோம்

மருத்துவர் பக்கம் வேலை சுலபம். ஃபுரோசமைடு நின்றது, அம்லோடிபின் பாதியாயிற்று. மெட்ஃபார்மினைப் பல வருடம் எடுத்தால் பி12 குறைவது தெரிந்த விஷயம், அதற்கு ஊசி. சர்க்கரைக்குப் புது மாத்திரை எதுவும் சேர்க்கவில்லை. இருப்பதையே பாதி நாள் எடுக்கவில்லை என்பது அட்டையை எண்ணியதில் தெரிந்துவிட்டது. மனச்சோர்வு மாத்திரை வேண்டாம், ஆறு வாரம் பார்க்கலாம் என்று முடிவு.

என் பக்கம்தான் இழுபறி. பிள்ளைகள் இருவரையும் வீடியோ காலில் வைத்து, அம்மாவுக்குச் சில வேலைகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றேன். மகனுக்குச் சுருக்கென்று இருந்தது. "காசு குடுத்து ஆள் வெச்சிருக்கோம், மறுபடி அவங்களையே செய்யச் சொல்றீங்களா?" நியாயமான கேள்வி. அவர் எல்லா வேலையையும் ஒரே மூட்டையாகப் பார்த்தார். தரை துடைப்பதும் பால் வாங்கப் போவதும் அவருக்கு ஒன்றுதான், இரண்டும் அம்மாவின் கஷ்டம். முதல் வேலை முதுகை ஒடிக்கிறது. இரண்டாவது அவரைத் தெருவுக்குக் கூட்டிப்போய் நாலு பேரிடம் பேசவைத்து, பசியோடு வீட்டுக்கு அனுப்புகிறது. மகன் செய்த ஏற்பாடு இரண்டையும் ஒரே நாளில் எடுத்துவிட்டது. அதுவும் நாய் போன அதே வாரத்தில்.

சரி, எதைத் திருப்பிக் கொடுப்பது? அந்த அம்மாவையே கேட்டோம். தரை துடைப்பது வேண்டவே வேண்டாம் என்றார், சிரித்துக்கொண்டு. கேட்டைத் திறப்பது, கோலம், பால், ரசம், இரவில் டிகாக்‌ஷன் போடுவது வேண்டும். ரசத்தைப் பற்றித் தனியாக ஒரு புகார் இருந்தது: சமைக்க வருகிற அம்மா கோலார்ப் பக்கத்துக்காரர், ரசத்துக்கு வெல்லம் போடுகிறார்.

கோலத்தில் இடுப்பை வளைத்து எழுந்தால் தலைசுற்றும். முக்காலி போட்டு உட்காரச் சொன்னேன். தெருவே சிரிக்கும் என்று மறுத்துவிட்டார். கடைசியில் கண்ட வழி: வாசல் தெளிப்பதை வேலைக்கு வருகிற பெண் செய்வாள், இவர் கீழ்ப்படிக்கு மேல்படியில் உட்கார்ந்து, கைக்கு எட்டுகிற தூரத்தில் சின்னதாகப் புள்ளி வைத்துப் போடுவார். படியில் உட்கார்வதை யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. எழும்போது பிடித்துக்கொள்ளப் பக்கச் சுவரில் ஒரு கைப்பிடி.

பால் பூத்துக்கு அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. கால் வலி, வெயில், நாளைக்கு என்று தள்ளிப்போட்டார். தோண்டிக் கேட்டால் காரணம் வேறு: வழியெல்லாம் "எங்கே ஜிம்மி?" என்று கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்ல வேண்டும். கையில் சங்கிலி இல்லாமல் நடந்தால் எப்படியோ இருக்கிறது, கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. மாடிவீட்டுப் பெண் ஒரு நாள் போய், பூத்துக்காரரிடமும் பூக்கார அம்மாவிடமும் வாத்தியாரிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தார். அவ்வளவுதான். எந்தத் தெரபியும் செய்திருக்க முடியாத வேலை அது. முதலில் கூட்டமில்லாத சாயங்காலத்தில் போய், பிறகு காலைக்கு மாறினார். கைக்கு ஒரு ஊன்றுகோல் என்றேன், குடையை ஊன்றிக்கொள்கிறேன் என்றார். குடையின் முனை வழுக்கும், அது ஊன்றுகோல் ஆகாது. அடியில் ரப்பர் போட்ட கைத்தடியை ஏற்க வைக்க நான் சொன்னது பலிக்கவில்லை, வாத்தியாரும் ஒன்று வைத்திருக்கிறார் என்பது பலித்தது.

மாத்திரைக்கு ஏழு நாள் பெட்டி ஒன்று, காபி ஃபில்டர் பக்கத்தில். காலை மாத்திரை காபியோடு, இரவு மாத்திரை டிகாக்‌ஷனுக்கு வெந்நீர் ஊற்றும்போது. அழைப்பு மணிக்கு விளக்கு மினுக்கும் வகையைப் பொருத்தினோம், ஹாலில் ஒன்று சமையலறையில் ஒன்று. குக்கருக்கு விசிலை நம்பாமல், பக்கத்திலேயே நின்று ரசத்துக்குப் புளி கரைப்பது என்று அவரே ஏற்பாடு செய்துகொண்டார்.

சமையல்கார அம்மாவை நிறுத்திவிடலாம் என்று மகன் சொன்னார். எனக்கு ஒப்பவில்லை. ஒருவருக்குச் சிகிச்சை என்று சொல்லி இன்னொருவரின் பிழைப்பில் கைவைப்பது சரியில்லை. சம்பளத்தைக் குறைக்காமல் வேலையை மாற்றினார்கள். கனமான பாத்திரம், மாவாட்டுவது, வாரம் ஒருமுறை சந்தை, தலைக்குக் குளிக்கும் நாளில் துணை அவருக்கு. ரசமும் பொரியலும் இவருக்கு.

துக்கத்துக்கு என்று தனியாக நாங்கள் அதிகம் செய்யவில்லை. பேசினால் கேட்டோம். முதல் இரவு நன்றாகத் தூங்கியதைப் பற்றி மகளிடம் ஒருநாள் அவரே சொன்னார், மகளும் அழுதாராம். நள்ளிரவில் அம்மா அழுது போன் செய்தால் என்ன செய்வது என்று மகள் கேட்டபோது, மத்திய அரசின் மனநல உதவி எண் 14416-ஐயும், பகலில் அழைக்க முதியோர் உதவி எண் 14567-ஐயும் கொடுத்தேன். தேவைப்படவில்லை.

மூன்று மாதத்துக்குப் பிறகு

சோடியம் 138. நின்றால் ரத்த அழுத்தம் இறங்குவது 10-க்குள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 7.6. எடை ஒன்றரைக் கிலோ கூடியிருக்கிறது. மனச்சோர்வு அளவுகோலில் 4. காது மெஷின் போட்டுக்கொண்டு எழுதிய மோகாவில் 25. டிமென்ஷியா இல்லை என்று இதை வைத்துச் சாதிக்க முடியாது, வருடத்துக்கு ஒருமுறை பார்க்கவேண்டும். ஆனால் அந்தக் கடிதத்தில் இருந்த பயம் போய்விட்டது. நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார முன்பு 15 நொடி, இப்போது 12.

எதனால் சரியானார் என்று கேட்டால் பிரித்துச் சொல்ல முடியாது. மருந்து நின்றது, பி12 ஏறியது, காது கேட்டது, வேலை திரும்பியது எல்லாம் ஒரே காலத்தில் நடந்தன. தலைசுற்றலும் மந்தமும் தீர்ந்தது ஃபுரோசமைடை நிறுத்தியதால், சர்க்கரையும் எடையும் சரியானது நாளின் ஒழுங்கு திரும்பியதால் என்பது என் கணிப்பு. நின்றுபோன செயல்களைச் சின்னச்சின்னதாகத் திரும்பத் தொடங்கி, மனசை அதன் பின்னால் வரவைக்கும் முறைக்கு நம் நாட்டிலேயே ஆதாரம் உண்டு. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்களே ஆலோசகர்களாக இருந்து பலன் கண்ட ஆய்வு 2017-ல் லான்செட்டில் வெளிவந்தது. அதில் சேர்த்தது 65 வயது வரை உள்ளவர்களை, அதனால் 74 வயதுக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது.

தொழில்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டு வேலைத் திறனை அளக்க நாங்கள் இன்றும் அதிகம் எடுப்பது லாட்டன், பிராடி இருவரும் 1969-ல் வெளியிட்ட அளவுகோல். போன், கடை, சமையல், வீட்டுப் பராமரிப்பு, துணி, பயணம், மருந்து, பணம் என எட்டு. ஆண்களுக்குச் சமையலும் வீடும் துணியும் வேண்டாம் என்று ஐந்தாகக் குறைத்திருந்தார்கள், அது அந்தக் காலம். பிராணியைப் பார்த்துக்கொள்வது எட்டிலும் இல்லை. அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபி சங்கத்தின் வகைப்பாட்டில் அது தனி வேலையாகவே இருக்கிறது, ஆனால் வீட்டு வாசலில் நிற்கும்போது கையில் இருப்பது பழைய படிவம்தான். இந்த அம்மாவிடம் அந்த எட்டைக் கேட்டிருந்தால் எல்லாம் முடியும் என்றிருப்பார், எட்டுக்கு எட்டு போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். எங்கள் படிவத்தில் இப்போது ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: வீட்டில் பிராணி உண்டா, சமீபத்தில் இறந்ததா, அதை ஒட்டி நடந்த வேலைகள் என்ன, அதன் மருந்து எங்கே.

சரியாகாததும் உண்டு. காது மெஷினை வெளியே போகும்போது மட்டும் போடுகிறார். வீட்டில் இருக்கும்போது அது இழுப்பறையில், பேட்டரி மிச்சமாகட்டும் என்று. மழை பெய்தால் பால் பூத் கிடையாது, அன்றைக்கு மாத்திரையும் தவறுகிறது. சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை ஹாலில் உட்கார முடியவில்லை என்கிறார். அந்த நேரத்துக்கு நாங்கள் வைத்துப் பார்த்த எதுவும் ஒட்டவில்லை.

மகள் ஒரு நாய்க்குட்டி வாங்கித் தரலாமா என்று முதல் வாரத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறார். குட்டி வேண்டாம் என்பது என் கருத்து. காலைச் சுற்றி ஓடும், கடிக்கும், இழுக்கும், 74 வயதில் விழுவதற்கு அது போதும். வயதான நாயைத் தற்காலிகமாக வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு வேண்டுமானால் யோசிக்கலாம். அந்த அம்மாவிடம் கேட்டால், தன்னால் முடியாமல் போனால் அது யாரிடம் போகும் என்பதுதான் அவர் கவலை. எட்டு வயதுக்கு மேற்பட்ட நாய் என்றால் சரி, ஆனால் தனக்கு ஏதாவது ஆனால் புனேவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று மகன் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டுமாம். மகன் இன்னும் எழுதித் தரவில்லை.